படகு எதை வெச்சு நிமிர்ந்து நிக்குது? ஆழ்கடல் ரேஸ் படகுகளை வகை பிரிக்கிற விதம்

பிரான்ஸ்ல லே சாப்ல் தொலோன்னு ஒரு துறைமுகம் இருக்கு. அங்கேர்ந்து 2022 செப்டம்பர்ல கிளம்பி தனி ஆளா உலகத்தையே சுத்திட்டு 2023 ஏப்ரல் கடைசில அதே துறைமுகத்துக்குத் திரும்பி வந்தார் நம்ம கடற்படைல இருந்து ஓய்வு பெற்ற அபிலாஷ் டோமி. கோல்டன் குளோப் ரேஸ்ல ரெண்டாவது இடம், கடல்ல மொத்தம் 236 நாள். அதே துறைமுகத்துல இருந்து 2024 நவம்பர்ல கிளம்பின சார்லி டலின், அதே மாதிரி ஆப்பிரிக்கா ஆஸ்திரேலியா தென் அமெரிக்கானு மூணு முனையையும் சுத்தி வந்து 64 நாள் 19 மணி நேரத்துல வாண்டே குளோப் ரேஸை ஜெயிச்சார்.

இதுல என்னை ரொம்ப நாள் யோசிக்க வெச்சது படகுகளோட எடைதான். அபிலாஷ் ஓட்டின ரஸ்ட்லர் 36ங்கற படகு நீளம் 36 அடி, எடை ஏழரை டன்னுக்குக் கொஞ்சம் மேல. டலின் ஓட்டின ஐமோகா வகைப் படகு நீளம் 60 அடி, எடை சுமார் 8, 9 டன். அதாவது நீளத்துல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, ஆனா எடைல பெரிய வித்தியாசமே இல்ல! ரெண்டையும் "பாய்மரப் படகு"ன்னு ஒரே பேர்ல கூப்பிடறோம், ஆனா மாட்டு வண்டிக்கும் ரேஸ் காருக்கும் நடுவுல இருக்கிற தூரம் இதுக்குள்ள இருக்கு.

இந்தப் படகுகளை எப்படி வகை பிரிக்கிறதுன்னு தேடினா முதல்ல நீளத்தை வெச்சு ஒரு பட்டியல் வரும், 21 அடி, 40 அடி, 60 அடி, 100 அடின்னு. அது தப்பில்ல, ஆனா அதை வெச்சு ஒண்ணும் புரியாது. எனக்கு விஷயம் புரிய ஆரம்பிச்சது வேற ஒரு கேள்வியைக் கேட்டப்பதான். காத்து பாயைத் தள்ளும்போது படகு சாயும், அப்ப அந்தச் சாய்வை எதிர்த்து அது எதை வெச்சு நிக்குது? எடையை வெச்சா, அகலத்தை வெச்சா, இல்ல தண்ணிக்குள்ள விரிச்ச இறக்கையை வெச்சா? இதுக்குப் பதில் தெரிஞ்சா படகோட வேகம், விலை, உள்ள இருக்கிற ஆளோட கஷ்டம், முக்கியமா அது எப்படி உடையும் எப்படிக் கவிழும்ங்கறது வரைக்கும் பாதி தெரிஞ்ச மாதிரி.

பழைய பதில் எடை. படகோட அடிவயித்துல முன்னாடியிலேர்ந்து பின்னாடி வரைக்கும் நீளமா ஒரு முதுகெலும்பு மாதிரி ஓடற கீல், அதுக்குள்ள ஈயம், அந்தக் கீலோட பின் ஓரத்துலயே ஒட்டின சுக்கான். ரஸ்ட்லர் 36 இந்த வகை. கோல்டன் குளோப் ரேஸோட விதியே இதுதான், 32லேர்ந்து 36 அடி வரைக்கும் நீளம், 1988க்கு முன்னாடி போட்ட டிசைன், முழு நீள கீல், அதோட பின் ஓரத்துல சுக்கான். 1968-69ல முதல் கோல்டன் குளோப்பை ஜெயிச்ச ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனோட சுஹைலி மாதிரியான படகுகளை மனசுல வெச்சு எழுதின விதி அது. அந்த சுஹைலி பம்பாய்ல தேக்கு மரத்துல கட்டின படகு, 32 அடி, அதுதான் ஒரே ஆள் எங்கயும் நிக்காம உலகத்தைச் சுத்தின முதல் படகு.

இந்த வகைப் படகு தண்ணியைப் பிளந்துக்கிட்டுப் போகும், மேல ஏறி சறுக்காது. அப்படிப் பிளந்து போற படகுக்கு ஒரு வேக வரம்பு உண்டு. தண்ணில படற நீளத்தை அடில எடுத்து, அதோட வர்க்கமூலத்தை 1.34ஆல பெருக்கினா எத்தனை நாட்னு, அதாவது மணிக்கு எத்தனை கடல் மைல்னு வரும். 27 அடின்னா சுமார் 7 நாட், மணிக்கு 13 கிலோமீட்டர், நம்ம ஊர்ல சைக்கிள் போற வேகம். அதுக்கு மேல போகணும்னா தானே எழுப்பின அலை மேல தானே ஏறணும், ஏழரை டன்னை வெச்சுக்கிட்டு அது முடியாது. ஆனா நேரா போகும், கைய விட்டாலும் திசை மாறாது, அலைல அடி வாங்கினா மெதுவா ஆடித் திரும்ப நிமிரும்.

அடுத்த பதில், எடையைக் குறைச்சு ஆழத்துக்குக் கொண்டு போறது. நீள கீலுக்குப் பதிலா கத்தி மாதிரி ஒல்லியான ஒரு தகடு, அதோட நுனில டார்பிடோ மாதிரி ஒரு ஈயக் குண்டு, அதுக்கு பல்புன்னு பேரு. துலாக்கோல்ல நடக்கிற விஷயம்தான், படிக்கல் எவ்வளவு தள்ளி இருக்கோ அவ்வளவு கம்மி எடை போதும். ஐமோகா படகு தண்ணிக்குக் கீழ நாலரை மீட்டர் வரைக்கும் இறங்கலாம், ஒண்ணரை மாடி உயரம். அதுலயும் திருப்தி இல்லாம அந்தக் கீலையே பக்கவாட்டுல சாய்க்க ஆரம்பிச்சாங்க. காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருதோ அந்தப் பக்கமா ஹைட்ராலிக்கால கீலை 38 டிகிரி வரைக்கும் தூக்கிடுவாங்க, ஓரத்துல போய் தொங்கற ஆள் மாதிரி அந்தக் குண்டு மொத்தமும் படகை நிமிர்த்திப் பிடிக்கும். இதுக்கு கேன்டிங் கீல்னு பேரு. கிளாஸ் 40ங்கற 40 அடி வகைல இது கூடாது, செலவு ஏறிடும்ங்கறதால தடை பண்ணி வெச்சிருக்காங்க. அங்க ரெண்டு ஓரத்துலயும் 750 லிட்டர் தண்ணித் தொட்டி இருக்கும், காத்து வர பக்கத்துத் தொட்டில கடல் தண்ணியை நிரப்பிக்குவாங்க, திசை மாத்தும்போது அந்தப் பக்கம் மாத்திக்குவாங்க. சாதாரண ஐடியாதான், ஆனா முக்கா டன் எடையை வேணும்போது ஏத்தி வேணாம்போது கொட்டற சுதந்திரம் சின்ன விஷயம் இல்ல.

ஒல்லிக் கீல் வந்ததும் புதுசா ஒரு பயமும் சேர்ந்து வந்துச்சு, அது முறிஞ்சா என்ன ஆகும்னு. 2011 ஃபாஸ்ட்நெட் ரேஸ்ல ராம்ப்ளர் 100ங்கற 100 அடி படகு அயர்லாந்து பக்கத்துல ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுத்தின கொஞ்ச நேரத்துல கீல் முறிஞ்சு அப்படியே தலைகீழாச்சு, உள்ள இருந்தது 21 பேர், அதுல 16 பேர் கவிழ்ந்த அடிப்பகுதி மேல ஏறி உட்கார்ந்தாங்க, 5 பேர் தண்ணில மிதந்து போயிட்டாங்க, நல்ல வேளை அத்தனை பேரையும் மீட்டுட்டாங்க.

மூணாவது பதில் அகலம். எடையே வேணாம், ரெண்டு மூணு உடம்பைத் தள்ளித் தள்ளி வெச்சு நடுவுல குறுக்குச் சட்டம் போட்டா போதும். கேட்டமரான், டிரைமரான் எல்லாம் இதுதான். கேட்டமரான்ங்கற வார்த்தை நம்ம கட்டுமரம்தான்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா ஒரு விஷயத்தைச் சரியா சொல்லணும், நம்ம கட்டுமரம் மரத்தண்டுகளைச் சேர்த்துக் கட்டின மிதவை, ரெண்டு உடம்பு படகு கிடையாது. ரெண்டு உடம்பு வடிவம் பசிபிக் தீவு மக்களோட கைவேலை. 17ஆம் நூற்றாண்டு கடைசில வில்லியம் டாம்பியர் மாதிரி இங்கிலீஷ் மாலுமிகள் இந்தப் பக்கம் வந்து நம்ம வார்த்தையை எழுதிட்டுப் போனாங்க, பின்னாடி அது வேற படகு மேல போய் ஒட்டிக்கிச்சு. பேர் நம்மளோடது, வடிவம் அவங்களோடது, ரெண்டு பேருக்கும் உரிய மரியாதையைக் கொடுத்துட்டுப் போவோம்.

இந்த அகல வகைல இன்னைக்கு உச்சம் அல்டிம் டிரைமரான்கள், 32 மீட்டர் நீளம், சுமார் 23 மீட்டர் அகலம். 2024ல இதை வெச்சு தனி ஆளா உலகம் சுத்தற ரேஸ் நடத்தினாங்க, ஷார்ல் கோட்ரலியே 50 நாள் 19 மணி நேரத்துல முடிச்சார். ஆனா அவர் கேப் ஹார்ன் முனைக்கு முன்னாடி ஒரு புயலைப் பார்த்துட்டு ஒரு நாளுக்கு மேல வேணும்னே வேகத்தைக் குறைச்சுக் காத்திருந்தார். ரேஸ்ல முதல்ல போற ஆள் ஏன் நிக்கணும்? ஏன்னா இந்த வகைப் படகு கவிழ்ந்தா திரும்ப எழுந்திருக்காது. கீழ இழுக்க எடை இல்ல, நேரா இருக்கும்போது எந்த அகலம் அதைப் பிடிச்சு வெச்சதோ அதே அகலம் தலைகீழா இருக்கும்போதும் அதே உறுதியோட பிடிச்சு வெச்சுக்கும். ஆர்மெல் லே க்ளீக்கோட அல்டிம் படகு 2018ங்கற ஒரே வருஷத்துல ரெண்டு தடவை கவிழ்ந்துச்சு. அதனாலதான் இதுல தலைகீழானாலும் வெளிய வர கதவு வெச்சுக் கட்டறாங்க.

அப்ப கீல் வெச்ச ஒற்றை உடம்புப் படகு எப்பவும் திரும்ப எழுந்திருக்குமான்னு கேட்டா, அதுவும் இல்லன்னு 1996-97 வாண்டே குளோப் காட்டிக்கொடுத்துச்சு. அப்ப ஐமோகா படகுகளை ரொம்ப அகலமா, தட்டையான டெக் வெச்சுக் கட்டிட்டு இருந்தாங்க, அகலம் கூடினா நிமிர்ந்து நிக்கிற பலம் கூடும், வேகமும் கூடும். 1997 ஜனவரில தெற்குப் பெருங்கடல்ல டோனி புல்லிமோரோட எக்சைட் சேலஞ்சர் கீல் முறிஞ்சு தலைகீழாச்சு. தட்டை டெக் தண்ணி மேல தெப்பம் மாதிரி அப்படியே உட்கார்ந்துடுச்சு. அந்த மனுஷன் இருட்டுல, உள்ள புகுந்த ஐஸ் மாதிரி தண்ணிக்கு மேல கிடைச்ச இடத்துல ஒண்டிக்கிட்டு, ஒரு விரல் நுனி போன கையோட, நாலு நாளுக்கு மேல கிடந்தார். ஆஸ்திரேலியக் கடற்படையோட அடிலெய்டு கப்பல்லேர்ந்து வந்தவங்க வெளிய நின்னு அந்த அடிப்பகுதியைத் தட்டினாங்க. உள்ளேர்ந்து சத்தம் வந்துச்சு! தண்ணிக்குள்ள முங்கி வெளிய வந்தார். இந்தக் கதையை எத்தனை தடவை படிச்சாலும் அந்தத் தட்டற இடம் வரும்போது எனக்கு மூச்சு நிக்கும். அதே ரேஸ்ல இன்னும் ரெண்டு படகு கவிழ்ந்து மீட்பு நடந்துச்சு, ஜெரி ரூஃப்ஸ்ங்கறவர் திரும்ப வரவே இல்ல.

அதுக்கு அப்புறம் ஐமோகால விதி மாறுச்சு, ஒவ்வொரு படகும் தலைகீழானா தானே எழுந்திருக்கும்னு நிரூபிக்கணும். எப்படி நிரூபிக்கிறாங்கன்னு பார்த்தா ஆச்சரியமா இருக்கும். துறைமுகத்துல பாய்மரத்தைக் கழட்டி வெச்சுட்டு, கிரேனால படகையே புரட்டித் தலைகீழாப் போடுவாங்க, ஓட்டறவர் உள்ளதான் இருப்பார். கீல் வானத்தைப் பார்த்து நிக்கும். இப்ப அவர் உள்ளேர்ந்தே கையால பம்ப் அடிச்சு கீலை ஒரு பக்கமா சாய்ப்பார், மேல இருக்கிற அந்தக் குண்டு மெல்ல ஒரு பக்கம் இறங்க, படகு முதல்ல தயங்கும், அப்புறம் ஒரேயடியா உருண்டு நேரா வந்து நிக்கும். வேகத்துக்காகக் கண்டுபிடிச்ச கேன்டிங் கீல்தான் இங்க உயிரைக் காப்பாத்தற சாவியும்.

நாலாவது பதில் ஃபாயில், இறக்கை. 2016 வாண்டே குளோப்லதான் ஐமோகா படகுகள் முதல் முறையா பக்கவாட்டு ஃபாயிலோட வந்துச்சு, அதுல ஒண்ணுதான் ஜெயிச்சுது, 74 நாள்ல. தண்ணி காத்தை விட சுமார் 800 மடங்கு அடர்த்தி, அதனால விமான இறக்கைல சின்னத் துண்டு அளவு போதும் பல டன் படகைத் தூக்க. சாயற பக்கத்துல இருக்கிற ஃபாயில் படகைத் தூக்கவும் செய்யும், நிமிர்த்தவும் செய்யும். 2024 டிசம்பர்ல செபாஸ்டியன் சிமோன் ஒரே நாள்ல 615 கடல் மைல் ஓடினார், சராசரி 25 நாட்டுக்கு மேல. மேல சொன்ன சைக்கிள் வேகத்தோட இதை வெச்சுப் பாருங்க.

ஆனா ஐமோகால 2024 ரேஸ் வரைக்கும் சுக்கான்ல கிடைமட்ட இறக்கை வைக்க அனுமதி இல்ல, முன்னாடி தூக்கும், பின்னாடி பிடிக்க ஒண்ணும் இல்ல. அதனால எழும்பும், பறக்கும், அடுத்த அலைல போய் விழும், திரும்ப எழும்பும். உள்ள இருக்கிறவங்க ஹெல்மெட் போட்டுக்கிட்டு, சத்தத்துக்குக் காதை அடைச்சுக்கிட்டு, தவழ்ந்துதான் நகர்றாங்க. 2020 நவம்பர் 30ஆம் தேதி கெவின் எஸ்கோஃபியேவோட பிஆர்பி படகு கேப் டவுனுக்குத் தென்மேற்க ஒரு அலைல மூக்கு குத்தி, முன்பகுதி அப்படியே மடிஞ்சு ரெண்டா முறிஞ்சுது, சில நிமிஷத்துல அவர் லைஃப் ராஃப்ட்ல இருந்தார். 11 மணி நேரத்துக்கு மேல அலைல கிடந்தவரைக் காப்பாத்தினது ஜான் லே காம், அதே ரேஸ்ல ஃபாயில் இல்லாத பழைய படகுல வந்துட்டு இருந்த 61 வயசுக்காரர். எடை படகு மெதுவாப் போய் நாள் கணக்குல உங்களைச் சோதிக்கும், அகலப் படகு ஒரே தடவைல கவிழும், ஃபாயில் படகு தன்னோட வேகத்துலயே உடையும். தோல்வி எப்படி வரும்னு வெச்சுப் பிரிச்சாலும் இதே வகைகள்தான் வருது பாருங்க.

இது வரைக்கும் இயற்பியல். ஆனா படகோட வடிவத்தை இயற்பியல் மட்டும் தீர்மானிக்கறதில்ல, ரேஸ் விதிப் புத்தகமும் தீர்மானிக்குது, ரெண்டாவது கேள்வி அங்கதான் வருது: இந்தப் படகு எந்த விதிக்காகக் கட்டினது?

இதுக்குப் பாடம் ஐஓஆர்ங்கற விதி, 1970லேர்ந்து சுமார் இருபது வருஷம் உலகம் பூரா ஓடினது. வேற வேற அளவுப் படகுகள் ஒண்ணா ரேஸ் ஓட, உடம்புல சில குறிப்பிட்ட இடங்கள்ல அளந்து ஒரு எண் கொடுப்பாங்க, எண் கம்மியா இருந்தா அதிக சலுகை. அளக்கிற இடம் எதுன்னு தெரிஞ்சா டிசைனர் சும்மா இருப்பாரா? அளக்கிற புள்ளில மட்டும் ஒரு புடைப்பு வைப்பாங்க, மத்த இடத்துல ஒட்டிப்போன வயிறு. நடுவுல பெருத்து, முன்னாடி பின்னாடி கிள்ளி விட்ட மாதிரி வடிவம். அதை விட மோசமா, நிமிர்ந்து நிக்கிற பலம் கம்மியா இருந்தா விதில சலுகை கிடைச்சுது, அதனால ஈயத்தைக் கீல்லேர்ந்து எடுத்து மேல படகு வயித்துக்குள்ள வெச்ச படகுகள் கூட வந்துச்சு. கடலுக்கு எது நல்லதோ அதுக்கு நேர் எதிரா விதி இழுத்துச்சு.

1979 ஆகஸ்ட்ல ஃபாஸ்ட்நெட் ரேஸ் 303 படகோட கிளம்பிச்சு. நடுவுல புயல். ரேஸ்ல இருந்தவங்கள்ல 15 பேர் செத்துப்போனாங்க, 5 படகு மூழ்கிச்சு, 24 படகை விட்டுட்டு ஆட்கள் இறங்கினாங்க. இறங்கினதுல நிறைய படகு பின்னாடி மிதந்தபடியே கிடைச்சது இன்னும் வேதனை. எல்லாத்துக்கும் விதியைக் குத்தம் சொல்ல மாட்டேன், அந்தப் புயல் அப்படி. ஆனா பின்னாடி பொறியாளர்கள் ரெண்டு படகை ஒப்பிட்டாங்க. ஒண்ணு கான்டெஸா 32, ஒடுங்கின உடம்பு, நல்ல எடை. இன்னொண்ணு அந்தக் காலத்து ஐஓஆர் பாணில கட்டின, கிட்டத்தட்ட அதே அளவு படகு. கான்டெஸா 150 டிகிரிக்கு மேல சாஞ்சாலும் தானா திரும்பி வரும், அதாவது கிட்டத்தட்ட முழுசா தலைகீழானாத்தான் மாட்டும். இன்னொண்ணு 120 டிகிரியைத் தொடறதுக்கு முன்னாடியே மனசு மாறித் தலைகீழா நிக்கத் தயார் ஆகிடும். அந்த வருஷம் மிகச் சின்ன படகுகளோட பிரிவுல கரை சேர்ந்து ரேஸை முடிச்ச ஒரே படகு அசென்ட், அது ஒரு கான்டெஸா 32. இன்னைக்கு ஒற்றை உடம்புப் படகு ஆழ்கடல் ரேஸ்ல சேரணும்னா இந்தத் திரும்பி வர கோணத்தைக் காட்டித்தான் ஆகணும், அது அந்த ராத்திரி கொடுத்தது.

இன்னைக்கு ஓடற விதிகளைப் பெரிய அளவுல மூணா பிரிக்கலாம். ஒண்ணு ரேட்டிங், ஐஓஆர் மாதிரி ஒவ்வொரு படகுக்கும் எண் போட்டு நேரத்தைச் சரிக்கட்டற முறை, இதுல ஐஆர்சி, ஓஆர்சின்னு ரெண்டு விதி இருக்கு. ஐஆர்சில கணக்கு ரகசியம், வெளில சொல்ல மாட்டாங்க, அளக்கிற புள்ளி தெரிஞ்சா புடைப்பு வெச்சுடுவாங்கங்கற பழைய அனுபவம்தான் காரணம். ஓஆர்சில கணக்கு வெளிப்படை, கம்ப்யூட்டர் அந்தப் படகு எந்தக் காத்துல எவ்வளவு வேகம் போகும்னு கணிக்கும். ஐஆர்சில ஒவ்வொரு படகுக்கும் ஒரு எண், ஓடின நேரத்தை அதால பெருக்கணும். 1.120 எண் உள்ள பெரிய படகு 45 மணி நேரத்துல வந்தா கணக்கு 50.4 மணி. 1.000 எண் உள்ள சின்ன படகு 50 மணி நேரத்துல வந்தா 50தான். 5 மணி நேரம் லேட்டா வந்தவங்க 24 நிமிஷத்துல ஜெயிச்சாங்க. 2013 ஃபாஸ்ட்நெட்ல நைட் அண்ட் டேங்கற 33 அடி படகுல அப்பா மகன்னு லுவாசோன் குடும்பத்து ரெண்டே பேர் போய், பெரிய பெரிய படகுகளை எல்லாம் தாண்டி மொத்த ரேஸையும் இந்தக் கணக்குல ஜெயிச்சாங்க.

அடுத்தது ஒன் டிசைன், எல்லாப் படகும் ஒரே அச்சு. வோல்வோ ஓஷன் ரேஸ் 2014லேர்ந்து விஓ65ங்கற 65 அடி படகை வெச்சு இப்படி ஓடிச்சு. 2017-18ல உலகத்தையே சுத்திட்டு ஹேக் நகரத்துக்கு வந்த கடைசி கட்டத்துல டாங்ஃபெங்ங்கற அணி ஜெயிச்ச வித்தியாசம் 16 நிமிஷம், அந்த 16 நிமிஷத்துலதான் மொத்தக் கோப்பையும் அவங்க கைக்குப் போச்சு.

மூணாவது பாக்ஸ் ரூல். இதுதான் எனக்குப் பிடிச்சது. நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, ஆழம் இவ்வளவுன்னு ஒரு பெட்டியைக் கொடுத்துட்டு, அதுக்குள்ள அடங்கற எதையும் கட்டிக்கோன்னு விட்டுடுவாங்க, சலுகை கணக்கு எதுவும் கிடையாது, முதல்ல வந்தவன் ஜெயிச்சான். ஐமோகா, கிளாஸ் 40, டிபி52, மினி 6.50 எல்லாம் இந்தக் குடும்பம். மினி ஆறரை மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், கார் பார்க்கிங்ல நிறுத்தக்கூடிய சைஸ், அதுல ஒரே ஆள் அட்லாண்டிக்கைத் தாண்டுவாங்க. பெட்டியோட அளவை விதி சொல்லுச்சு, மூக்கு கூரா இருக்கணும்னு எங்கயும் சொல்லல. ஆயிரக்கணக்கான வருஷமா படகுன்னா மூக்கு கூருன்னு பழகினதால யாரும் கேக்கல. டேவிட் ரெய்சன் கேட்டார். முன்பகுதியையும் கிட்டத்தட்ட நடுப்பகுதி அளவு அகலமா, ஸ்பூன் நுனி மாதிரி வட்டமா வெச்சு ஒரு மினி கட்டினார். அதே நீளத்துக்குள்ள அகலம் முழுசும் முன்னாடி வரைக்கும் கிடைச்சதால சாய்வை எதிர்க்கிற பலம் எகிறிச்சு, மூக்கு அலைக்குள்ள குத்தாம மேல ஏறிச்சு. பார்த்தவங்களுக்கு அசிங்கமாத்தான் தெரிஞ்சுது. 2011ல மினி டிரான்ஸாட்ங்கற, மினி படகுகளோட அந்த அட்லாண்டிக் ரேஸை அந்தப் படகுலயே அவர் ஜெயிச்சார்.

அப்புறம் அந்த வட்ட மூக்கு கிளாஸ் 40க்குப் போச்சு, வேகத்தைப் பார்த்துட்டு அந்த கிளாஸ்காரங்க மூக்குல எந்த இடத்துல எவ்வளவு அகலம் இருக்கலாம்னு புதுசா எல்லை போட்டாங்க. இப்ப அங்க கட்டற ஒவ்வொரு புது படகும் அந்த எல்லைக் கோட்டைத் தொட்டுக்கிட்டுத்தான் தண்ணில இறங்குது.